புழுங்கல் மில்லும் உங்கள் கிணறும்

இன்று காலை மில் வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தியபோது, ஊறிய நெல்லின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பின்பக்கத் தொட்டி ஒன்றைத் திறந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழகிய வாடைதான். ஆனால் இப்போதெல்லாம் அது வந்தால் நெல் நினைவுக்கு வருவதில்லை, நீங்கள்தான் வருகிறீர்கள். நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. இருந்த காலத்தில் உங்களோடு நான் அதிகம் கதைத்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் சீமெந்துத் தளத்தில் அவித்த நெல்லைப் பிரட்டிக் காயவிடும் பெண்களில் ஒருவராக இருந்தீர்கள். உங்கள் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தர்மபுரத்துக்கு வந்து குடியேறியவர்கள். உங்கள் காணிக்கும் என் மில்லுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும்; அதை ஒட்டி உங்கள் கிணறு. நெல் ஊறவைத்த தண்ணீரை அந்த வேலியோரத்து வாய்க்காலில்தான் விட்டுக்கொண்டிருந்தோம். நெல்லும் தண்ணீரும்தானே, இதில் என்ன கெடுதி என்பது என் எண்ணம்.

அப்போது என்னை நான் ஊருக்கு உதவுகிற முதலாளி என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு தை மாதமும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்போம். மில்லின் பெயர் எழுதிய பதாகை, மாலை, படம் எல்லாம் இருக்கும். ஒரு வருடம் உங்கள் மகளோடு நீங்களும் மேடைக்கு வந்தீர்கள். அவள் கொப்பிகளை வாங்கியதும், சேலைத் தலைப்புக்குள் இருந்த போத்தலை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தீர்கள். உள்ளே கலங்கிய மஞ்சள் தண்ணீர்.

"கொப்பி நல்லா இருக்குங்க மொதலாளி. இது எங்க கெணத்துத் தண்ணி. இதையும் ஒருக்கா பாருங்க."

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "ஓம், பாப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். யாரோ போத்தலை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார்கள்.

வீடு வந்து சேரும்வரை முகம் சுட்டது. மறுநாள் மனேஜரைக் கூப்பிட்டு, "அவாவை இனி வேலைக்கு வரவேண்டாமெண்டு சொல்லும்" என்றேன்.

"அண்ணை, அந்தத் தண்ணி உண்மையிலயே புளிச்சு மணக்குது. நான் போய்ப் பாத்தனான்."

"சொன்னதைச் செய்யும்."

மனேஜர் சொன்னதும் நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அடுத்த நாள் மற்றப் பெண்களும் வரவில்லை. யாரும் கோஷம் போடவில்லை, கடிதம் எழுதவில்லை; வரவில்லை, அவ்வளவுதான். அவித்த நெல் தளத்தில் குவியலாகக் கிடந்தது. நானும் மனேஜரும் பலகையால் இழுத்து இழுத்துப் பார்த்தோம். மத்தியானத்துக்குள் அடிநெல் சூடேறிப் புளிக்கத் தொடங்கியது.

அன்று பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மில் தொடங்கியதிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் நான் கால் வைத்தது அதுதான் முதல்தடவை. கதிரையை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தீர்கள். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்ததைக் கவனித்துவிட்டீர்கள்.

"பயப்படாம குடிங்க. இது கோயில் கெணத்துத் தண்ணி. மக சைக்கிள்ல கொண்டாந்தது."

குசினி வாசலில் மூன்று பிளாஸ்டிக் கான்கள் இருந்தன. கோயில் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். என் தளத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு நீங்கள் வரும்போது, உங்கள் மகள் பாடசாலை விட்டு வந்து இந்தக் கான்களைச் சுமந்திருக்கிறாள். அவளுக்குத்தான் நான் கொப்பி கொடுத்துப் படம் எடுத்தேன். பெண்களை வேலைக்குத் திரும்ப வரச்சொல்லும்படி உங்களைக் கேட்கத்தான் வந்தேன். அதைக் கேட்க வாய் வரவில்லை. "வாய்க்காலை அடைக்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.

அடைத்தேன். விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து தெளிகிற மாதிரி தொட்டிகள் கட்டினோம். அந்தச் செலவில் அடுத்த இரண்டு வருடமும் கொப்பி கொடுக்க வசதிப்படவில்லை. பாடசாலை அதிபருக்கு என்மேல் மனக்குறை. நீங்கள் மற்றப் பெண்களோடு வேலைக்குத் திரும்பி வந்து, தொட்டி நிரம்பினால் முதல் ஆளாக வந்து சொன்னீர்கள். முதல் மாரியில் கிணற்றின் நிறம் தெளிந்தது, வாடை போகவில்லை. இரண்டாவது மாரிக்குப் பிறகுதான் "இப்ப குடிக்கிறோங்க" என்றீர்கள்.

பின்னர் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டுக் கடைகளுக்கு அரிசி அனுப்புகிறவர். என்னை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்தவரோடு தான் தனியாகக் கதைக்கவேண்டும் என்றார். வேலியடியில் உங்கள் குரல் எனக்குக் கேட்டது. "மொதல்ல நாசமாக்குனாங்க. சொன்னோம், கேக்கல. பொறகு கேட்டாங்க. இப்ப தண்ணி நல்லா இருக்கு." எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்து, "மற்ற இடங்களில எல்லாரும் நல்லதை மட்டும்தான் சொன்னவை. இங்கதான் நடந்ததைச் சொல்லினம்" என்றார். இன்றுவரை எங்கள் அரிசியை வாங்குகிறார்.

போன மாதம் வவுனியாவில் வர்த்தகர்களுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றியது. பொறுப்பாக நடந்தால் பெயர் வளரும், வேலையாட்கள் நிலைப்பார்கள், வாங்குபவர்கள் நம்புவார்கள் என்று விளக்கினார்கள். ஒன்றும் பொய்யில்லை, எனக்கே நடந்தது. ஆனால் அவையெல்லாம் எனக்குக் கிடைத்தவை. உங்களுக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. உங்களிடம் இருந்த தண்ணீரைக் கெடுத்தேன், பிறகு கெடுப்பதை நிறுத்தினேன். இதற்குப் பதாகை கட்ட முடியாது.

காய்ச்சலில் விழுந்து நீங்கள் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தேன். ஒன்றைச் சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டு, "வெயில் எப்படிங்க, நெல்லு காஞ்சிருச்சா?" என்று கேட்டீர்கள். நெல்லைப் பற்றியே கதைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு நாளில் செய்தி வந்தது.

போன கிழமை, மேற்குப் பக்கத்துத் தோட்டக்காரர் தன் மிளகாய்ச் செடிகளில் எங்கள் உமித்தூசி படிகிறது என்று ஆள் அனுப்பியிருந்தார். நானே போனேன். அவர் ஒரு இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். விரலால் தடவினால் சாம்பல் நிறத்தில் தூசி.

"பிழை எங்களிலதான் அண்ணை" என்றேன்.

அவர் சண்டைக்குத் தயாராக நின்றவர். அதைக் கேட்டதும், "சரி, வாங்கோ, மற்றப் பாத்தியையும் காட்டுறன்" என்று முன்னால் நடந்தார். அந்தச் சொல்லை முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தபடி அவருக்குப் பின்னால் போனேன்.