குவைத்துக்குப் போகும் முன் கொஞ்சம் அரபு

12 ஜனவரி 2018, திருப்பதி

வாட்ஸ்அப்பில் குழு தொடங்கிவிட்டேன். குவைத்தில் வீட்டுவேலை செய்து கற்ற அரபு, அலிபிரி ஓட்டலில் காய் நறுக்கும் எனக்கு இனி எதற்கு? புறப்படப்போகிற பெண்களுக்காவது உதவட்டும். பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்தே வேண்டாம், குரல் மட்டும்.

என் வீட்டுக்காரர் கோவர்த்தனன் சிரிக்கிறார். "டீச்சரம்மா, காப்பி உண்டா, இல்ல பாடம்தானா?"

15 ஜனவரி

'மாய்' என்றால் தண்ணீர், 'லா' என்றால் இல்லை. எல்லாருக்கும் வந்துவிட்டது. 'தஅபானா' — களைத்துப்போனேன் — அதுதான் வரவில்லை. நடுவில் தொண்டை அடைபட வேண்டும். சித்தூர் ஸ்வர்ணலதா அனுப்பியதைக் கேட்டால் இருமல் மருந்து வாங்கித் தரத் தோன்றியது.

2 பிப்ரவரி

நகரிப் பக்கத்துப் பொன்னியம்மா எல்லாப் பாடத்தையும் கேட்கிறாள், நீல டிக் விழுகிறது. ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன் செய்தேன்.

"வெக்கமாக்கீதுக்கா. என் கொரலு எல்லார் போன்லயும் இருக்குமே."

எனக்கு மட்டும் அனுப்பு என்றேன். சாயங்காலம் ஒரு கிசுகிசுப்பு வந்தது: "மாய்." பின்னால் சேவல் கூவியதுதான் பலமாகக் கேட்டது.

10 பிப்ரவரி

பொன்னியம்மா விமானம் ஏறிவிட்டாள்.

9 ஏப்ரல்

குவைத்திலிருந்து அவள் குரல். ஒரு கிழவியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றுதான் ஏஜெண்ட் அனுப்பினான். இப்போது கிழவியின் மகள் வீட்டையும் சேர்த்துவிட்டார்கள். "காலைல இந்த வூடு, மத்தியானம் அந்த வூடு. கை காலு உட்டுப்போச்சிக்கா. ஏஜெண்ட் போனே எடுக்க மாட்டேன்றான்."

இங்கே உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வேன்? ஒரு வாக்கியம் செய்து தர முடியும். எஜமானியை அங்கே 'மாமா' என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே:

"மாமா, பேத் வாஹித் ஸேன். பேத்தேன், மா அக்தர்."

ஒரு வீடு சரி. இரண்டு வீடு, என்னால் முடியாது.

11 ஏப்ரல்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பழகுகிறாள். இன்று அனுப்பியதில் தண்ணீர்ச் சத்தத்தை மீறி 'மா அக்தர்' கேட்டது. மகளிடம் போகாதே, கிழவியம்மாவிடம் சொல், அவர் சாப்பிட்டு முடித்ததும் சொல் என்றேன்.

கோவர்த்தனன் கேட்டுக்கொண்டே இருந்தார். "தைரியமா பேசுன்னு சொல்லிட்ட. வெளிய தள்ளிட்டாங்கன்னா? நீ போயி கூட்டியாருவியா?"



13 ஏப்ரல்

சொல்லிவிட்டாயா என்று கேட்டு அனுப்பினேன். ஒற்றை டிக், போய்ச் சேரவில்லை.

14 ஏப்ரல்

வருஷப்பிறப்பு. பாயசத்தைத் தொடவில்லை. இன்னும் ஒற்றை டிக்தான்.

15 ஏப்ரல்

போனைப் புடுங்கிட்டாங்களா? எங்கியாவது அடைச்சி வெச்சிட்டாங்களா? சொல்லு சொல்லுன்னு நான்தானே தூண்டிவுட்டேன். வாயை மூடிக்கினு காய் நறுக்கிக்கினு இருந்திருக்கக் கூடாதா —

17 ஏப்ரல்

வந்துவிட்டது குரல்! "போனு பக்கெட்டுல வுழுந்துட்ச்சிக்கா. அரிசில போட்டு வெச்சிருந்தேன்."

திட்டவா, அழவா?

சொல்லிவிட்டாளாம். கிழவியம்மா கேட்டுவிட்டு, இன்னொரு தரம் சொல் என்றாராம். சொன்னாள். உடனே மகளுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். மகள் முற்றிலும் விடவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டும். ஆனாலும் மற்ற நாளெல்லாம் ஒரே வீடு.

"பேசினது நான்தானான்னு எனக்கே சந்தேகமாக்கீது."

கோவர்த்தனனுக்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டினேன். கடைக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தார்.

3 ஜூன்

இன்று குழுவில், பொன்னியம்மாவின் போனிலிருந்து, பழக்கமில்லாத ஒரு குரல். வயதான குரல், நிதானமான அரபு. அவள் பார்த்துக்கொள்ளும் கிழவியம்மா! 'சாப்பிட்டாயா' என்று இவள் பாஷையில் எப்படிக் கேட்பது என்று விசாரிக்கிறார்.

"சாப்ட்டியா" என்று அனுப்பினேன்.

அடுத்த நொடி பொன்னியம்மா, கிசுகிசுப்பு இல்லை, முழுக் குரல்: "லா மாமா, லா! எங்க ஊர்ல அப்டி இல்ல. துன்னியா!"

"துன்னியா?" என்றார் கிழவியம்மா, குழு முழுவதையும் பார்த்துக் கேட்பதுபோல.

பதில்கள் வரிசையாக வந்தன. "துன்னேன் மாமா." "துன்னேன்." "நானும் துன்னேன்." சித்தூரிலிருந்து ஸ்வர்ணலதா மட்டும் தெலுங்கில், "தின்னானு."