உம்முடைய கையில் இருந்த மவுஸ்

இன்று காலை கந்தோரில் கணினியைப் போட்டேன். திரை வந்தது, அம்பு வரவில்லை. மவுஸ் இணைக்கப்படவில்லை என்று ஒரு பெட்டி நடுவில் எழும்பி நின்றது. பக்கத்து மேசைக்காரர் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நான் மேசை லாச்சியைத் திறந்து, கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த உம்முடைய மவுசை எடுத்தேன். வட்டப் பிளக், மஞ்சளித்துப்போன வயர், அடியில் உருளும் குண்டு. கிளிநொச்சியில் இன்றைக்கு இப்படியொன்றை வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

துணுக்காயில் கூட்டுறவுச் சங்கத்தின் நெல் களஞ்சியத்தோடு ஒட்டியிருந்த அந்தத் தகரக் கூரை அறையை நீர் மறந்திருக்கமாட்டீர். கிளிநொச்சியை விட்டு ஊரே இடம்பெயர்ந்து வந்திருந்த காலம். மண்ணெண்ணெய் இருக்கும் வரைதான் கறண்ட். ஒரு கணினி, ஒரு ஜெனறேற்றர், கடிதங்கள் அடிக்க நாங்கள் இரண்டு பேர். விமானச் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் ஜெனறேற்றரை நிற்பாட்டுவேன், நீர் மவுசைப் பிடுங்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவீர். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மவுஸ் போனாலோ வன்னிக்குள் இன்னொன்று எடுக்க முடியாது. அதனால் அந்த ஒழுங்குமுறையை நீரே வகுத்திருந்தீர்.

திரும்பி வந்ததும் அவசரத்தில் நான் கறண்டைக் கொடுத்துவிட்டுத்தான் மவுசைக் கொழுவுவேன். அது வராது. தட்டுவேன், குண்டைக் கழற்றி ஊதுவேன், ஏசுவேன். நீர் எல்லாவற்றையும் நிற்பாட்டி, பிளக்கின் ஊசிகள் வளைந்திருக்கிறதா என்று யன்னல் வெளிச்சத்தில் பார்த்து, கொழுவி, பிறகு போடுவீர். அம்பு வந்து நிற்கும்.

"முதல் இதைக் கொழுவும், பிறகு உயிரைக் குடும்" என்பீர். "ஆர் பக்கத்தில நிக்கினம் எண்டு அது எழும்பேக்க மட்டும்தான் பாக்கும்."

மலேரியாவில் போன உம்முடைய தம்பிக்கு இருந்தது ஒரேயொரு படம். இடம்பெயர்ந்து வந்தபோது உழவியந்திரப் பெட்டியில் மழைக்கு நனைந்து, வலப் பக்க முகம் கரைந்துவிட்டது. முதல் வருஷ ஆட்டைத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டி வயல் செய்த உம்முடைய அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "மொகம் இல்லாம யாருக்குப் படைக்கிறது?"

கையால் இழுக்கிற சின்ன ஸ்கானரால் படத்தை உள்ளே ஏற்றி, வேலை முடிந்த பிறகு முகாமையாளர் விட்டுக்கொடுத்த கொஞ்ச நேரத்தில் மவுசால் புள்ளி புள்ளியாக வரைந்தீர். காது வந்தது, கன்னம் வந்தது. வலக் கண் மட்டும் வரவில்லை. இடக் கண்ணையே திருப்பி வையும் என்று பெரிய விண்ணன் மாதிரி யோசனை சொன்னேன். வைத்துப் பார்த்தீர். அது ஒருவரையும் பார்க்கவில்லை என்று சொல்லி அழித்துவிட்டீர்.

மழை விட்ட ஒரு பின்னேரம். உம்முடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கண் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. அப்போதுதான் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் ஜெனறேற்றரை நிற்பாட்டினேன், நீர் மவுசோடு பங்கருக்குள் குதித்தீர். விமானம் ஒன்றும் போடாமல் எங்களைக் கடந்து போய்விட்டது. ஆனால் மழைத் தண்ணீருக்குப் பயந்து ஒரு பாம்பு அந்தப் பங்கருக்குள் ஒதுங்கியிருந்தது.

முகாமையாளர் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் இருந்து உம்மைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் உம்முடைய தலை என் நெஞ்சில் பாரமாகியது. ஆஸ்பத்திரி வாசலில் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் மவுசை எடுத்தேன். உம்முடைய கை குளிர்ந்திருந்தது. மவுஸ் சூடாக இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது.

தம்பியின் திவசத்துக்கு முதல் நாள் அம்மா வந்து அறை வாசலில் நின்றார். "அந்தப் படம் முடிஞ்சிருச்சா தம்பி?" என்றார். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, இடக் கண்ணைத் திருப்பி வைத்தாவது கொடுப்போம் என்று நினைத்தேன். நீர் சொன்னபடி முதல் மவுசைக் கொழுவி, பிறகுதான் கறண்டைக் கொடுத்தேன். அம்பு வரவில்லை. நிற்பாட்டினேன், ஊசிகளைப் பார்த்தேன், துடைத்தேன், திரும்பவும் போட்டேன். வரவேயில்லை. மண்ணெண்ணெயும் அடிக்கு வந்துவிட்டது. கடைசியில் விசைகளை மட்டும் தட்டித் தட்டிப் படத்தைத் திறந்தேன்.

வலக் கண் இருந்தது.

நீர் கடைசியாக வரைந்ததைச் சேமிக்க உமக்கு நேரம் இருக்கவில்லை. சத்தம் கேட்ட கையோடு கறண்டை நிற்பாட்டியவன் நான். அதற்குப் பிறகு அந்தக் கணினியை ஒருவரும் எழுப்பவில்லை. அறையைப் பூட்டிய திறப்பு என் இடுப்பில்தான் கிடந்தது. படத்தில் இடக் கண் நேரே பார்த்தது. வலக் கண் சற்றுக் கீழே, மேசையில் மவுஸ் கிடந்த பக்கம் பார்த்தது. அதை அச்சடித்து அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அவர் யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இது அவன் கண்ணு இல்ல தம்பி" என்றார். "இது எம் மக கண்ணு."

திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்து, படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனார். மறுநாள் அந்த ஒரு படத்துக்கு முன்னால் இரண்டு இலை போட்டுப் படைத்திருந்தார். அங்கிருந்து வந்து கணினியைப் போட்டேன். மவுஸ் முதல் தரத்திலேயே வேலை செய்தது.

பேய் பிசாசை நம்பாதவன் என்று என்னை நீர் பகிடி பண்ணுவீர். இப்போதும் நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு அந்த அறையில் பயந்தேன், அது உண்மை. இன்றைக்குப் பயமில்லை. உம்மைக் காணாத தேட்டம்தான் இருக்கிறது.

இந்தக் கணினியின் பின்பக்கத்திலும் அந்த வட்டத் துளை இருக்கிறது. எல்லாவற்றையும் நிற்பாட்டினேன். முதல் உம்முடைய மவுசைக் கொழுவினேன். பிறகு உயிரைக் கொடுத்தேன். அம்பு வந்து நின்றது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த பக்கத்து மேசைக்காரர், ஏன் வேலையைத் தொடங்காமல் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் கையை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதை உமக்கு விட்டுவைத்தேன்.