காப்புக்கு முந்தின நாள் பஸ்

14-8-1988, ஞாயிறு

நியூசிலாந்தை ஜூன் மாதத்திலிருந்து ஜனவரிக்கு மாற்றிவிட்டேன். பூமியின் தென்பாதியில் பருவங்கள் தலைகீழ், ஜூனில் போனால் குளிரில் விறைத்துப் போவாய் என்று கோகிலாம்பாள் டீச்சர் சொன்னார்கள். வெட்கமாகப் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பில் பூகோளத்தில் முதல் மார்க் வாங்குகிறவள் செய்கிற தப்பா இது?

இப்போது திட்டம் சரியாக இருக்கிறது. படித்து, வேலைக்குப் போய், 1999-இல் புறப்படுவேன். ஏப்ரலில் ஜப்பான், அப்போதுதான் அங்கே பூக்கும். ஜூனில் நார்வே, சூரியன் மறையவே மறையாது. செப்டம்பர் கடைசியில் கனடா, மரமெல்லாம் சிவப்பாகிவிடும். ஜனவரி பிறக்கும்போதே நியூசிலாந்து போய்விட்டால் இரண்டாயிரமாவது வருசத்தின் முதல் வெயிலை எனக்குப் பிறகுதான் மற்றவர்கள் பார்ப்பார்கள். எகிப்து, பெரு எல்லாம் அடுத்தடுத்த வருசங்களில். மொத்தம் மூன்று வருசமாவது ஆகும். ஆகட்டும். அவசரப்படுவதில்லை என்பதுதான் முதல் விதி. ஒரு ஊருக்குப் போனால் அந்தப் பருவம் முழுக்க அங்கே இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் விதைப்பதையோ அறுப்பதையோ ஒன்றையாவது முழுசாகப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

அட்லஸ் தங்கச்செல்வி கொடுத்தது. அவர்களுக்குத் திருச்சுழி கடைத்தெருவில் பாத்திரக்கடை. "மூணு வருசமும் யாரு ஒனக்குப் பொங்கிப் போடுவா?" என்று கேட்டாள். என்னைவிட நல்ல சந்தேகம் அவளுக்குத்தான் வரும். நான் அரிசியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அண்ணன் ராம்குமாருக்கு எல்லாமே கிண்டல். "மொதல்ல அருப்புக்கோட்டையத் தாண்டு. பெறகு அண்டார்டிகா போகலாம்."

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில், பெரியம்மா வீடு இருக்கிற பாளையம்பட்டியைத் தாண்டி நான் போனதில்லை என்பது உண்மைதான். அதனால் என்ன?

22-8-1988

மழை இல்லை. அய்யா கரிசலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கொட்டினார். செரபுஞ்சியைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.

5-9-1988, திங்கள்



காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் சுற்றுலா! கன்னியாகுமரி. முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டு, அங்கே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்புவது. கோகிலாம்பாள் டீச்சர் கூட வருகிறார்கள்.

ஒரு ராத்திரி. நான் வேறு ஊரில், உறவுக்காரர் வீடு இல்லாத இடத்தில், தங்கப் போகிற முதல் ராத்திரி. உலகப் பயணம் 1999-இல் அல்ல, 25 நாளில் தொடங்குகிறது!

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் இரண்டு மூன்று மணி நேர பஸ்ஸில் ஏதோ ஒரு கடல் இருக்கிறது. ஆனாலும் நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை.

அய்யா "போய்ட்டு வா தாயி" என்று சொல்லிவிட்டார். அம்மா ஊரில் இல்லை, பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வந்ததும் சொல்ல வேண்டும்.

8-9-1988

அம்மா வந்துவிட்டாள். சொன்னேன். அடுப்பெரிக்கப் பருத்தி மாரைக் கட்டிக்கொண்டே "ம்" என்றாள். ஆக, சம்மதம்.

15-9-1988, வியாழன்

சம்மதம் இல்லை.

சாயங்காலம் அய்யா ஊர்க்கூட்டத்திலிருந்து வந்து, வழக்கம்போலப் புரட்டாசி இரண்டாம் செவ்வாய் அம்மனுக்குக் காப்பு, மூன்றாம் செவ்வாய் பொங்கல் என்றார். அம்மா காலண்டரைக் கொண்டு வரச் சொன்னாள். நான்தான் எண்ணினேன். காப்பு இருபத்தேழு. பொங்கல் நாலு.

எண்ணி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முப்பதாம் தேதி நடுவில் கிடக்கிறது.

காப்பு விழுந்துவிட்டால், ஊருக்குள் இருக்கிறவர்கள் பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊருக்குள் வந்துதான் படுக்க வேண்டும். பொங்கல் முடிகிறவரை யாருக்கும் வெளியூரில் ராத்தங்கல் கிடையாது. பிறந்ததிலிருந்து இருக்கிற சட்டம். எனக்குத் தெரியாதா?

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "கனடாவுல எப்ப எல செவக்கும்னு தெரியுது. நம்மூர்ல எப்பக் காப்புக் கட்டுவாகன்னு தெரியலையாக்கும்?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

16-9-1988

நான் எல்லாத்தையும் இங்கிலீஷ் மாசத்துல போட்டு வச்சிருந்தேன். அதான். புரட்டாசின்னு எழுதியிருந்தா அன்னைக்கே கண்ணுல பட்டிருக்கும். செப்டம்பர்னு எழுதினா எங்க படும்? என் தப்புதான். ஆனா ஒரே ஒரு ராத்திரி! எங்கூருச் சாமிக்கு நான் ஒரு ராத்திரி இல்லாட்டி என்ன கொறஞ்சிரும்?

இப்படி எழுதக் கூடாது. கோடு போட்டு அடிக்க மாட்டேன், இருக்கட்டும். ஆனால் இப்படி எழுதக் கூடாது.

வயசுக்கு வந்த பிறகு வருகிற முதல் பொங்கல் என்பதால், இந்த வருசம் நான் முளைப்பாரி தூக்க வேண்டும் என்று அம்மா நேர்ந்திருக்கிறாள். அதுவும் இருக்கிறது.

18-9-1988, ஞாயிறு

வழி இருக்கிறது. வழி இருக்கிறது!

லாரி ஓட்டுகிற தவசி சித்தப்பா காலையில் அய்யாவைப் பார்க்க வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, "திங்கக்கெழமைக்குள்ள கொல்லத்துக்குக் கரி லோடு ஏத்திரணும்ணே. செவ்வாக்கெழம ஊருக்குள்ள மாட்டுனா எட்டு நாளைக்கு வண்டிய நிப்பாட்டணும்ல" என்றார்.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். "சித்தப்பா, காப்புக் கட்டும்போது ஊர்ல இல்லாதவுகளுக்கு?"

"அவுகளுக்கு என்ன கட்டு? உள்ள இருக்குறவுகளுக்குத்தான். நான் வருசா வருசம் முந்தின நாளே ஓடிருவேன். பொங்கலுக்கு வந்து கெடா வெட்டுல சேந்துக்குவேன். எனக்கு எந்த வெனையும் வரல, ஒன் சித்தியத் தவிர."

அய்யா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் எதற்காகக் கேட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

யோசித்து வைத்துவிட்டேன். பரீட்சை 23-ஆம் தேதி முடிகிறது. 26 திங்கட்கிழமை பஸ்ஸில் பாளையம்பட்டி பெரியம்மா வீடு. செவ்வாய் காப்பு, நான் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட பஸ் அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகும், அங்கேயே ஏறிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துவிடலாம். பொங்கலுக்கு இருப்பேன். யாருக்கும் எந்தக் குற்றமும் இல்லை.

பருவம் பார்த்துப் புறப்படுவது என்றால் இதுதானே?

19-9-1988

அம்மாவிடம் சொன்னேன். இப்படிப் போனது:

"அவன் பொழப்புக்கு ஓடுறான். நீ வேடிக்க பாக்க ஓடுற."

"என் பொழப்பும் அதுதாம்மா."

"எது?"

"பாக்குறது."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "காப்புக்கு மறுநாளு புதன்கெழம வெத போடணும். வெதைக்கும்போது ஆளு இருக்கணும். தெனம் கை கால் கழுவி, சுத்தபத்தமா இருந்து தண்ணி தெளிக்கணும். ஊர்ல இல்லாதவளுக்கு எது முளைப்பாரி?" என்றாள்.

தவசி சித்தப்பா முளைப்பாரி தூக்குவதில்லை.

அய்யாவைப் பார்த்தேன். "மொறையில தப்பு ஒண்ணும் இல்ல" என்றார், மாட்டைப் பார்த்துக்கொண்டு. "ஆனா நேந்துக்கிட்டது உங்கம்மா. அவதான் சொல்லணும்."

23-9-1988

பரீட்சை முடிந்தது. பூகோளத்தில் பருவக்காற்றுகள் வந்தது. நான்கு பக்கம் எழுதினேன். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வாங்குகிற சம்மதம் பாதியில் கிழிந்துவிடும் என்று தோன்றுகிறது.

பையை மட்டும் துவைத்துக் காயப்போட்டேன், அவள் கண்ணில் படுகிற மாதிரி.

25-9-1988, ஞாயிறு

அம்மா திருச்சுழிச் சந்தையிலிருந்து வந்தாள். சாக்கை இறக்கினாள். தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை. அதற்கடியில், முளைப்பாரி போடுகிற மண் ஓடு. ஒன்றல்ல. இரண்டு.

நான் ஓட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிற? ஒண்ணு எனக்கு. ஒண்ணு ஒனக்கு. வளக்குறவ நான். தூக்குறவ நீ. ஞாயித்துக்கெழம வந்து சேரல, காலை ஒடிச்சிருவேன்."

கட்டிக்கொள்ளப் போனேன். "போ கழுத, வேர்வையா இருக்கேன்" என்று தள்ளிவிட்டாள்.

26-9-1988

பாளையம்பட்டி. பெரியம்மா வீடு. பஸ் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டும்போது மணி பார்க்க நினைத்து மறந்துவிட்டேன். ஓடை, வேலி மரம், எல்லாம் தினமும் பார்ப்பதுதான். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

27-9-1988, செவ்வாய்

இந்நேரம் கொட்டு அடித்துக் காப்புக் கட்டியிருப்பார்கள். இங்கே தறிச் சத்தம்தான் கேட்கிறது.

30-9-1988, வெள்ளி, கன்னியாகுமரி

ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எல்லோரும் வரிசையாகப் படுத்திருக்கிறோம். டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள்.

கடலைப் பற்றி நிறைய எழுதலாம் என்று வந்தேன். முடியவில்லை. நீலம், அலை, உப்பு என்று எழுதினால் புத்தகத்தில் இருப்பதுதான். புத்தகத்தில் இல்லாதது இரண்டு. ஒன்று, கடலுக்குப் பக்கத்தில் நின்றால் காற்று முகத்தில் ஈரத் துணியை வைத்த மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர்க் காற்று எந்த மாதமும் இப்படி இருந்ததில்லை. இரண்டு, தங்கச்செல்வி பயத்தில் என் தாவணியை விடவே இல்லை. பாத்திரக்கடையில் அத்தனை பேரையும் அதட்டுகிறவள்.

எல்லோரும் தூங்கியாயிற்று. கடல் தூங்கவில்லை.

2-10-1988, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் ஒடியவில்லை.

சூரிய உதயம், மூன்று கடல், சங்குக் கடை, பஸ்ஸில் வாந்தி எடுத்த ஆறு பேர், எல்லாவற்றையும் சொன்னேன். அய்யா கேட்டார். அண்ணன்கூடக் கேட்டான், கேட்காத மாதிரி. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அல நிக்கவே நிக்காதா?"

"நிக்காதும்மா."

"ராத்திரிகூடவா?"

"ராத்திரிகூட. நான் முழிச்சிருந்து கேட்டேன்."

ஆய்ந்து போட்ட கீரையையே அள்ளி, மறுபடி முதலிலிருந்து அவள் ஆய ஆரம்பித்தாள்.

4-10-1988, செவ்வாய்

என் முளைப்பாரி அம்மாவுடையதைவிட இரண்டு விரல் உயரம். இருட்டறையில் வளர்ந்ததால் வெளிர் மஞ்சளாக இருந்தது. கூட வந்த மாயக்காள் அத்தை, "என்ன முத்துத்தாயி, மகளுக்கு மட்டும் தண்ணிய ரெண்டு கை சேத்து ஊத்துனியாக்கும்?" என்றார்கள். அம்மா தன் ஓட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு ஊரணி வரைக்கும் என் முன்னால் நடந்தாள். தலையில் கனமே தெரியவில்லை.

ராத்திரிக்குள் திட்டம் முழுவதையும் தமிழ் மாதத்துக்கு மாற்றி எழுதப் போகிறேன். பங்குனி கடைசியில் ஜப்பான். ஆனியில் நார்வே. மார்கழியில் நியூசிலாந்து. புரட்டாசியில் கனடா – காப்புக்கு முந்தின நாளே புறப்பட்டுவிட வேண்டும்.

17-9-1989, ஞாயிறு

பெரியம்மா வந்திருந்தார்கள். பேரனுக்குத் திருச்செந்தூரில் முடி இறக்குகிறார்களாம். வருகிற 28-ஆம் தேதி போய், ராத்திரி கடற்கரையிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் மொட்டை. "நீயும் வா முத்து" என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா உடனே சொன்னாள்: "எங்க வாரது? இருபத்தாறு காப்பு. ராத்தங்க முடியாது. நீங்க போய்ட்டு வாங்கக்கா."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அவள் 'இருபத்தாறு' என்று சொன்னது எனக்கு ஆச்சரியம். ஊர்க்கூட்டம் இன்னும் போடவே இல்லை. அவளே காலண்டரில் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

அப்படியானால், பெரியம்மா கூப்பிடுவதற்கு முன்பே எதற்கோ எண்ணியிருக்கிறாள்.

24-9-1989, ஞாயிறு

சந்தைக்கு நானே போனேன். பயறு, மொச்சை, சோளம். ஓடு இரண்டு.

சாக்கை அம்மா முன்னால் இறக்கினேன். ஓட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "யாரு சோறு பொங்குறது? மாட்டுக்குத் தண்ணி? உங்கண்ணன் எந்திரிக்கவே எட்டு மணியாகும்" என்று அடுக்கிக்கொண்டே போனாள். எதிலும் 'போகமாட்டேன்' இல்லை.

அய்யா சொன்னார்: "நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்குப் போயிரு. செவ்வாக்கெழமைன்னா மாட்டிக்கிருவ."

28-9-1989, வியாழன்

காப்புக் கட்டி இரண்டு நாள். விதை நேற்றுப் போட்டது, இன்னும் முளை தெரியவில்லை. கை கால் கழுவிவிட்டு இரண்டு ஓட்டிலும் தண்ணீர் தெளித்தேன். முதலில் அம்மாவுடையதற்கு.

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. அண்ணன், "நார்வேக்காரனுக்கு இதப் போட்டா சூரியனே ஓடி மறஞ்சிக்கிரும்" என்றான். ஆனாலும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான்.

திட்டத்தில் ஒரு திருத்தம்: 'ஒரு ஆள்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'இரண்டு ஆள்' என்று எழுதிவிட்டேன். அரிசிப் பிரச்சினையும் தீர்ந்தது.

பொழுது இறங்கிவிட்டது. இந்நேரம் அவர்கள் திருச்செந்தூர் மணலில் துண்டை விரித்திருப்பார்கள். பெரியம்மா குறட்டை விட்டுத் தூங்குவார்கள். அம்மா தூங்க மாட்டாள். அலை ராத்திரிகூட நிற்காதா என்று அவளே கேட்டுப் பார்த்துக்கொள்வாள்.