கெக்கரியும் கட்டித் தயிரும்

முரசுமோட்டை
14.11.1981
இவருக்கு நீரிழிவாம். சலத்தில் சீனி கூடிவிட்டது. சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாம். குறைக்காவிட்டால் மாசியில் ஊசிதான் என்று கிளிநொச்சி டொக்டர் சொல்லிவிட்டார். பாம்பைக் கண்டாலும் ஒதுங்காத மனிதர், ஊசி என்றதும் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது சொன்னது: "வயல் செய்யிறவன் சோத்தைக் குறைக்கிறதோ? சோறில்லாட்டிச் சாப்பிட்ட மாதிரியே இராது."

17.11
தம்பி யோகலிங்கம் வந்தான். கிரேக்கக் கப்பலில் சமையல் செய்தவன். வெள்ளரிக்காய் (எங்களுக்குக் கெக்கரி), தக்காளி, வெங்காயம் எல்லாவற்றையும் பச்சையாகப் பெரிது பெரிதாக வெட்டி, உப்புச் சீஸ் உதிர்த்து, கோப்பை நிறையச் சாப்பிடுவார்களாம். சீஸுக்கு நான் எங்கே போவேன்?

"எருமைத் தயிரைத் துணியில கட்டித் தொங்கவிடுங்கோ அக்கா. விடிய வெண்ணெய் மாதிரி நிக்கும்."

அதில் நசித்த உள்ளிப்பூண்டு, தேசிப்புளி, மிளகுதூள், கொஞ்சம் நல்லெண்ணெய். அவர்கள் போடும் ஒலிவ் காய் இங்கே இல்லை. போகட்டும்.

18.11
தோல்வி. மரக்கறியில் உப்பையும் தயிரையும் காலையிலேயே கலந்து வைத்தேன். இவர் வயலால் வரும்போது கோப்பைக்குள் குளம். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு, அது நீர் விட்டுச் சுருங்குவதை வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டிய விஞ்ஞான ரீச்சர் நான்!

இவர் எட்டிப் பார்த்தார். "ரீச்சர், இதுக்குள்ள விரால் விடலாம்."

சோறு வழக்கம்போல் மலையாக.

21.11
இன்றும் கோப்பையைத் தொடவில்லை, சோறுதான் மலையாக. என்ன மனிசன் இது? ஆருக்காக நான் கத்துறன்? — கத்திவிட்டேன், பிறகு அழுதும் விட்டேன். இவர் கையைக் கழுவிவிட்டு வந்து முன்னால் குந்தினார்.

"சரி. தைப்பூசம் வரைக்கும் உம்மட கோப்பையைத் தின்னுறன். அண்டைக்குப் புதிர்; நான் கேக்கிற அளவு புதுச்சோறு போடவேணும். ஒரு கதையும் இருக்கக்கூடாது."

புது நெல்லைக் குத்திப் பொங்கிப் படைக்கும் நாளில் ஒரு வயல்காரனிடம் அளவாகச் சாப்பிடு என்று யார்தான் சொல்வது? ஒப்புக்கொண்டேன்.

3.12
இப்போது கை பழகிவிட்டது. மரக்கறியைக் கழுவி ஈரம் துடைத்து வைக்கிறேன். படலை திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் உப்பும் தயிரும். இவர் சாப்பிடுகிறார். சோறு பாதி.

20.12
மழை. தக்காளி வெடித்துப்போனது. கரட் போட்டேன். அதையும் சாப்பிட்டார்.

6.1.1982
இவருடைய சலத்தைச் சீனி பார்க்கும் நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். கார்த்திகையில் பார்த்தபோது செங்கல் நிறமாக வந்தது, இன்று பச்சை.

"பச்சை எண்டால் பாஸோ?"

"மட்டுமட்டான பாஸ்" என்றேன். புதிர் வரப்போகிறதே என்று எனக்குள் ஒரு பயம். ஒரு நாள் அவிழ்த்துவிட்டால் பிறகு இவர் இந்தக் கோப்பைப் பக்கம் திரும்புவாரா?

8.2
தைப்பூசம். புதுச்சோறு வீடெல்லாம் மணத்தது. சொன்ன சொல்லுக்காகக் கோப்பையை எடுக்கவே இல்லை. மூன்று கறி, பருப்பு, பாயாசம். இலையில் குவித்தேன். கேட்ட அளவு.

பாதியில் இவருடைய கை நின்றது. "எங்கையப்பா அது?"

"எது?"

"யோகன்ர சாமான்."

"நீங்கள்தானே இண்டைக்கு வேண்டாமெண்டனீங்கள்."

"நான் சோறு கேட்டனான். அதை வேண்டாமெண்டனானே?" மிச்சச் சோற்றை இலையோரம் ஒதுக்கினார். "அது இல்லாமல் சாப்பிட்ட மாதிரி இல்லை."

தயிர் கட்டி வைத்திருக்கவில்லை. கெக்கரியை மட்டும் வெட்டித் தேசிப்புளி விட்டுக் கொடுத்தேன். தயிர் இல்லாத குறையைச் சொல்லிச் சொல்லியே சாப்பிட்டார்.

9.2
விடிய எழும்பிக் குசினிக்குள் போனேன். கூரை வளையில் தயிர்த் துணி தொங்குகிறது, கீழே சட்டியும் வைத்தபடி. நான் கட்டவில்லை.