பாதிப் பந்தயம்

மஸ்கட், 11.3.2007

அன்புள்ள அபிதா அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இடுப்பு வலி தேவலையா?

வெள்ளிக்கிழமை விடுதியில் வேர்க்கடலையைப் பந்தயமாக வைத்துப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடினோம். எனக்கு ‘ஸ்மால் பிளைண்ட்’ என்ற இடம். அங்கே சீட்டைப் பார்க்கும் முன்பே பாதிப் பந்தயம் கட்டவேண்டும். வந்தது உதவாத சீட்டு. “பாதி போட்டாச்சே டீச்சர்!” என்றார்கள் கூட ஆடியவர்கள், மீதியையும் போட்டேன். நடுவில் மூன்று சீட்டு விரித்ததும் முதலில் பேசவேண்டியவளும் நானே. எதுவும் சேரவில்லை. எரிச்சலோடு சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிட்டேன், போட்ட கடலை எல்லாம் போச்சு.

போனில் நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? “பாதி ஆழம் போயாச்சு, இப்ப விட்டா வீணாப் போகுமுல்ல!” நம் பொட்டிப்புரம் காட்டில் கிணற்றுக்குப் போர் போட்டும் தண்ணீர் வராமல் புழுதிதான் பறக்கிறதாம். இனி அபிதாவின் படிப்புப் பணத்தில் கை வைக்காதீர்கள். போர் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கொஞ்சம் புளி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை போன் செய்யுங்கள். செய்தால் நான் சீட்டாடப் போகமாட்டேன்.

அவசரத்தில்,
முத்துலட்சுமி