கடற்கரைக்கு முட்டை

1946 ஜூலை 22, திங்கள்
ஆடிக் காற்று. கண், காது, மைக்கூடு எல்லாம் மணல். பள்ளி விட்டு வந்தால் வாசலில் பிச்சையா அண்ணாச்சி. எங்கள் ஊர்த் தலைமையாசிரியர், ஆசிரியர் சங்கச் செயலாளர். சங்கத்தில் கணக்கு பி.ஏ. நான் ஒருத்திதானாம். கடற்கரைப் பள்ளிகளில் சம்பளம் குறைவு என்று நிரூபித்து ‘கடற்கரை அலவன்ஸ்’ கேட்கப் போகிறார்கள். ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலைக் கையில் கொடுத்தார். ஞாயிறுக்குள் கணக்கு வேண்டும். திங்கள் மனு கல்வி அதிகாரிக்குப் போகிறது.

அலவன்ஸ் வந்தால் எனக்கும் உண்டு. இந்த ஒழுகும் வாடகை வீட்டை மாற்றலாம். சரி என்றேன். வாய் சும்மா இருந்ததா!

ஜூலை 23, செவ்.
காகிதம் கிடைக்கவில்லை. போன வருஷப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கம்.

கல்கத்தாவில் ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கும் சித்தப்பா மகனின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஊரை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? அந்தப் பக்கத்து ஆள் என்றால் 1, இல்லையென்றால் 0. தாளில் கோடு போட்டு, சர்வீஸ் வருஷம் ஒரு பத்தி, டிரெயினிங் ஒரு பத்தி, பிறகு ஊர்ப் பத்திகள். லீஸ்ட் ஸ்கொயர்ஸ் என்கிற முறையில் போட்டுத் தீர்த்தால் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு என்று தனியாக விழும்.

ஸ்ரீவைகுண்டத்து ஆற்றுப்பக்கம், பனங்காட்டுப் பக்கம், கடற்கரை. ஒன்றை விட்டாலும் கணக்கு வரும் என்று கடிதத்தில் ஏதோ இருந்தது. அண்ணாச்சி விடவில்லை. “ஒரு பக்கத்தையும் விட்டுராதிய. பொறவு சங்கத்துல அடிதடியாயிரும்.” மூன்றுக்கும் பத்தி போட்டேன்.

ஜூலை 24, புதன்
ஆறு தாள். கடைசி வரியில் 0 = 0. என்ன அர்த்தம்? எங்கோ கூட்டலில் தப்பு.

அரிசியில் கல். துவைத்த புடவையில் மணல்.

ஜூலை 25, வியாழன்
மறுபடி முதலிலிருந்து. மறுபடி 0 = 0. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் காரணமில்லாமல் அதட்டிவிட்டேன். பாவம்.

சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது விளங்கியது. கூட்டலில் தப்பே இல்லை! ஆற்றுப்பக்கமும் இல்லை, பனங்காடும் இல்லை என்றால் அந்த ஆள் கடற்கரைதானே. மூன்றாவது பத்தி புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதையே சொல்லிக் கணக்கைக் கெடுக்கிறது. ஒன்றை விட்டால்தான் வரும். கடிதத்தில் இருந்ததும் அதுதான். ‘வரும்’ அல்ல, ‘விட்டால்தான் வரும்’. அண்ணாச்சிக்குப் பயந்து இரண்டு நாள் வீண்.

கடற்கரைப் பத்தியை அடித்தேன். மற்ற இரண்டும் நம்மைவிட எவ்வளவு கூட என்று பார்த்தால் போதும்.

ஜூலை 26, வெள்ளி
வந்தது! ஆற்றுப்பக்கத்துக்குச் சம்பளம் கூடுதல். பனங்காட்டுக்கும் கூடுதல். அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு ஒரே சந்தோஷமாம்.

ஜூலை 27, சனி
தருவைகுளத்து ரோஸம்மாள் டீச்சர் சந்தைக்கு வந்தவள் இங்கேயும் வந்தாள். தாளில் தன் பெயரைத் தேடினாள். ஆற்றுப்பக்கம் 0, பனங்காடு 0.

“ஏளா, பிள்ளையளுக்கு நான் முட்டை போட்டா, எனக்கு நீ முட்டை போடுதியா? அதுவும் ரெண்டு!”

மார்க் இல்லை, கடற்கரையிலிருந்துதான் மற்றவர்களை அளக்கிறோம், எனக்கும் இரண்டு முட்டைதான் என்று அரை மணி நேரம் சொன்னேன். காலையிலிருந்து இவள் நாலாவது ஆள். எல்லாரும் மார்க் போடுகிறவர்கள். முட்டையைப் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

போகும்போது சொன்னாள்: “கடக்கரை, ஆத்துக்கரைன்னு என்னத்தக் கண்ட? என் தங்கச்சி ஸ்ரீவைகுண்டத்துலதான் டீச்சரா இருக்கா. ஆத்துத் தண்ணிய குடிச்சிக்கிட்டு நான் வாங்குத சம்பளந்தான் வாங்குதா.”

காபி ஆறிப்போயிற்று. பட்டியலை எடுத்தேன். ஆற்றுப்பக்கம் முழுக்க ஆண் வாத்தியார்கள், டீச்சர் அங்கொருத்தி இங்கொருத்தி. கடற்கரையில் பாதிக்கு மேல் டீச்சர்கள். ஒரு வாரமாக என் கண் முன்னால்தான் இருந்தது. நானே ஒரு டீச்சர், எனக்கே தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு பத்தி. பெண் என்றால் 1.

ஜூலை 28, ஞாயிறு
விடிந்ததிலிருந்து கணக்கு. பதினோரு மணிக்கு முடிந்தது. ஆற்றுப்பக்கத்துக் கூடுதல் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிட்டது. பனங்காட்டுக் கூடுதலும் அப்படித்தான். பெண் பத்தியில் கழித்தல் குறியோடு பெரிய எண்: குறைவது ஊரால் இல்லை, பெண் என்பதால். இரண்டு தடவை சரிபார்த்தேன். தப்பு கிடைக்காதா என்றுகூட இருந்தது. அலவன்ஸ் போயிற்று, வீடும் போயிற்று.

நாலு மணிக்கு அண்ணாச்சி வந்தார். வாசித்தார். முகம் மாறியது.

“பொம்பளையளுக்குச் சம்பளம் கொறவுதான். அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அதுக்கு எதுக்கு ஒரு பத்தி?”

அந்தப் பத்தியின்மேல் விரலை வைத்தார்.

“எடுத்திருங்க டீச்சர். ஒரு பத்திய விட்டாத்தான் கணக்கு வரும்னு நீங்கதான சொன்னிய?”

ஒரு வாரமாகச் சொன்னதில் இவருக்கு ஏறியது அது ஒன்றுதான்.

“விட்டாச்சு அண்ணாச்சி. ஆம்பளையங்க பத்திய விட்டிருக்கேன். நீங்க வாங்குததுலேருந்துதான் எங்களை அளக்குதேன்.”

தன் பெயரைத் தேடினார். ஆற்றுப்பக்கம் 0, பனங்காடு 0, பெண் 0.

“எனக்கு மூணு முட்டையா?”

“ஆமா.”

அந்தப் பத்தி இல்லாமல் என் கையெழுத்து இல்லை என்றேன். பி.ஏ. கையெழுத்து இல்லாமல் மனு போகாது என்று அவருக்கும் தெரியும். தாளை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். போட்டேன். தாளை மடித்துப் பையில் வைத்தார், பத்தியோடுதான். குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.