கேட்காமல் திருப்பிய படகு

நேற்று சாயங்காலம் உன் மகன் வந்திருந்தான். கோபர்கைரனேயிலிருந்து செம்பூருக்கு இரண்டு ரயில் மாறி வந்தவன், டீ கூடக் குடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா குடுத்து விட்டாங்க பெரியப்பா" என்று கிளம்பிவிட்டான். அவசரத்தில் உன்னையே உரித்து வைத்திருக்கிறான்.

பைக்குள் கயிறு. வெள்ளையாக இருந்தது பழுத்துப் போய், நடுவில் ஓடும் பச்சை இழை மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருந்தது. உங்கள் வீட்டுப் பால்கனியில் இத்தனை வருஷம் துணி காய்ந்த கயிறு. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். துணி சோப்பு வாசனைதான் வந்தது, உப்புமில்லை, சேறுமில்லை. ஆனால் ஒரு முனையில் எட்டு மாதிரி வளைந்த அந்த முடிச்சு அப்படியே இருந்தது. படகின் வளையத்திலிருந்து கயிறு நழுவிப் போகாதிருக்க நீ போட்ட முடிச்சு. துணிக் கொடிக்கு இது எதற்கு என்று உன் மனைவி என்னிடமே எத்தனையோ முறை புகார் சொல்லியிருக்கிறாள். நீ அவிழ்க்க விடவில்லை.

படகிலிருந்து கழித்துப் போட்ட முன்பாயின் கயிறு அது. ஏழாம் நம்பர்ப் படகில் அது உன் கையில் இருக்கும், சுக்கான் என் கையில் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், மில்கள் மூடிக் கிடந்த வருஷங்கள். செம்பூரைத் தாண்டி, கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கழியோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, எட்டு மரப் படகுகள், ஒரு டீக் கெட்டில். அதற்குப் பெயர் செயிலிங் கிளப். மாட்டுங்காவில் என் அம்மா அந்தப் பெயரைக் கேட்டு ஏதோ கோட்டு சூட்டு சமாசாரம் என்று நினைத்து என் சட்டைகளை எல்லாம் இஸ்திரிக்குக் கொடுத்தாள். நான் முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் வற்றினால் கரைக்கும் படகுக்கும் நடுவே அவ்வளவு தூரம் சேறு. கடலேற்றம் எப்போது என்று பார்த்துத்தான் பந்தயமே வைப்பார்கள்.

எங்கள் கம்பெனி அங்கே இரண்டு படகுகள் வைத்திருந்தது. நான் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் கிளார்க், பெர்மனென்ட். என்னோடு படகில் வந்துகொண்டிருந்தவருக்கு மாற்றல் ஆகிவிட, துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். காற்று பலமாக அடித்தால் பாய் படகைச் சாய்க்கும். ஒருவர் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே தள்ளி அதை நிமிர்த்த வேண்டும். நான் அன்று நனைந்த துணியோடு நின்றாலும் எடை காட்டாத ஆள். நீ பேக்கிங்கில் கேஷுவல் கூலியாக மூட்டை சுமந்துகொண்டிருந்தாய், வாசலை அடைத்துக்கொண்டு. நான் உன் திறமையைக் கண்டு கூப்பிட்டேன் என்று நீ பின்னாளில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய். பொய். உன் எடையைக் கண்டுதான் கூப்பிட்டேன்.

உனக்கும் அது தெரிந்தே இருந்தது. "மூட்டை தூக்குனவனையே மூட்டையா ஏத்திட்டியளே அண்ணாச்சி" என்றாய், முதல் நாள் விளிம்பில் உட்கார வைத்தபோது.

சாத்தான்குளம் பக்கத்துக்காரன். கிணறு தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை, நீச்சலும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தாராவி சர்ச்சில் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் கையில் பைபிளுமாக நேரே கிளப்புக்கு வருவாய். கொட்டகைக்குப் பின்னால் போய் சட்டையை மாற்றிக்கொண்டு, பைபிளை டீக் கெட்டிலுக்கு மேல் அலமாரியில் வைப்பாய். முதல் வாரம் மாற்றுச் சட்டை கொண்டுவர மறந்து, ஆராதனைச் சட்டையோடே ஏறினாய். பாதி தூரத்தில் படகைக் கவிழ்த்தோம். லைஃப் ஜாக்கெட்டில் மிதந்துகொண்டே நீ சத்தமாக ஜெபம் பண்ணினாய். கரையிலிருந்த கோலி இனத்து மீனவப் படகோட்டி, அண்ணாவுக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று இந்தியில் கத்தினார். அடுத்த வாரம் நீ வரமாட்டாய் என்றே நினைத்தேன். இரண்டு சட்டைகளோடு வந்தாய்.

படகை எதிர்ப்பக்கம் திருப்பும்போது பாயின் அடியில் குறுக்கே கட்டிய கட்டை தலைக்கு மேல் வீசிப் போகும். அதனால் சுக்கான் பிடிப்பவர் திருப்புவதற்கு முன் மற்றவரைக் கேட்க வேண்டும், "ரெடியா?" என்று. அவர் "ரெடி" என்ற பிறகுதான் சுக்கானைத் தள்ள வேண்டும். கேட்காமல் திருப்பினால் மண்டை உடையும், அல்லது ஆள் தண்ணீரில். ஒரு பந்தயத்தில் முப்பது நாற்பது தடவையாவது இந்தக் கேள்வியும் பதிலும் இருக்கும். டிசம்பருக்குள் நமக்கு வேறு பேச்சே தேவைப்படவில்லை. ரெடியா, ரெடி அண்ணாச்சி, அவ்வளவுதான். ஜெயிக்கவும் ஆரம்பித்தோம்.

ஜனவரியில் ஒருநாள் பர்சனல் ஆபீசர் நம்மைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார். சீசன் முடிவில் நம் படகு முதலாவது வந்தால், ஸ்போர்ட்ஸ் லிஸ்டில் உன் பெயரை எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அந்த லிஸ்டில் போனவன் பெர்மனென்ட் ஆவான். முந்தின வருஷம் ஒரு கேரம் ஆட்டக்காரன் அப்படித்தான் ஆகியிருந்தான். வாய்வார்த்தைதான், ஆனால் நீ அதைப் பிடித்துக்கொண்டாய். மில் வேலை போன உன் அண்ணன் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தார். உல்லாஸ்நகரில் ஒரு பெண், அவளுடைய அப்பா, "மாப்பிள பெர்மனென்ட் ஆனதும் வந்து பேசுங்க" என்று கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார். இதையெல்லாம் நீ படகில் சொன்னதில்லை. திரும்பும் வழியில், குர்லாவில் ரயில் மாறும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய்.

கடைசிப் பந்தயம். முதலாவதாக வந்தால் சீசன் நம்முடையது, இரண்டாவது என்றால் இல்லை. மூன்றாவது மிதவையை நெருங்கும்போது நாம்தான் முன்னால். மிதவை என்ன, ஆரஞ்சுப் பெயின்ட் அடித்த எண்ணெய் டிரம். அதைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். தொட்டுவிட்டால், தொட்டவனே இன்னொரு முறை அதை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நடுவர் கிடையாது, விசில் கிடையாது. தொட்டவனுக்குத்தான் தெரியும், அவன்தான் தனக்குத் தீர்ப்பு சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த விளையாட்டின் வழக்கமே அதுதான்.

நான் ஆசையில் கிட்டத்தில் வெட்டினேன். படகின் பின்முனை டிரம்மில் 'டொக்' என்று பட்டது. கதவைத் தட்டுகிற அளவுச் சத்தம்கூட இல்லை. பின்னால் வந்த படகுக்கு அதன் பாயே மறைத்திருந்தது. கரையிலிருந்து பார்க்க முடியாது.

நான் சுக்கானைத் தள்ளினேன். சுற்றினேன். நீ சட்டென்று குனிந்து, பாய்க்கட்டை தலையை உரசிப் போக, மறுபக்கம் தாவினாய். நாம் சுற்றி வருவதற்குள் இரண்டு படகுகள் தாண்டிப் போயின. மூன்றாவதாக வந்தோம்.

கொட்டகையில் எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். பெரிய மனுஷர்கள் தோளில் தட்டினார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. இரண்டு வாரம் முன்புதான் வேறொருவன் மிதவையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போனான் என்று அதே கொட்டகையில் நான் வாய் கிழியப் பேசியிருந்தேன். அன்று பேசிய பேச்சுதான் சுக்கானைத் தள்ளியதோ என்னவோ. முழுக்க நேர்மை என்று சொல்லிக்கொள்ள இப்போது வாய் வரவில்லை. நீ படகை ஓரமாக இழுத்துக் கட்டிவிட்டு, பைபிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

லிஸ்டில் ஒரு கபடிக்காரன் பெயர் போனது. அடுத்த மாதம் கேஷுவல்களைச் சில நாள் நிறுத்தி மறுபடி எடுக்கும் வழக்கமான இடைவெளியில் உன்னை வெளியே அனுப்பினார்கள், மறுபடி கூப்பிடவில்லை. நான் பர்சனல் ஆபீசரிடம் போய் நின்றேன். அவர் வருத்தப்பட்டார், வேறொன்றும் செய்யவில்லை.

மே மாதம், மழைக்கு முன்னால் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கும் நாள். வேலையே இல்லாத நீ எதற்கு வருவாய் என்று இருந்தேன். வருகிறேன் என்று முன்பு சொல்லியிருந்தாயாம், வந்தாய். கவிழ்த்த படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளை நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் சுரண்டிக்கொண்டிருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். அன்று சுற்றாமல் போயிருக்கலாமோ என்று கேட்டேன். இல்லை அண்ணாச்சி, நீங்கள் செய்ததே சரி என்று நீ சொல்வாய், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்பது என் கணக்கு.

நீ சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"சுத்துனது தப்புன்னு சொல்லுதேனா? டொக்குன்னது எனக்கும் கேட்டுச்சு. ஆனா ஒவ்வொரு மட்டமும் ரெடியான்னு கேப்பியல்லா, அன்னைக்கி மட்டும் கேக்கல. கேட்டிருந்தா நானும் ரெடின்னுதான் சொல்லிருப்பேன். அப்பம் அது நம்ம ரெண்டு பேரும் செஞ்சதா இருந்திருக்கும். இப்பம் ஒங்க நல்ல பேரு மட்டும் ஒங்ககிட்ட இருக்கு. எனக்கு வேலதான் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான் எனக்கு முதலில் வரும், உனக்குத் தெரியும். அந்த அவசரத்தில் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று கத்தினேன். உன் பக்கத்துச் சிப்பிகளை எல்லாம் சுரண்டி முடித்துவிட்டு, படகைத் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு போனாய்.

அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. ஒரு நொடி போதும் அந்த வார்த்தைக்கு. தலைக்கு மேல் பாய்க்கட்டை போகும்போதெல்லாம் மறக்காமல் கேட்டவன், உன் பிழைப்புக்கு மேல் போகும்போது கேட்கவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயமா? அல்லது மூட்டையிடம் யார் கேட்பார்கள் என்ற எண்ணமா? இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டாவதாக இருந்துவிடக் கூடாதே என்றுதான் தவிப்பு.

மழை பிடித்த பிறகு தாராவியில் உன் வீட்டைத் தேடி வந்தேன். உன் சித்தப்பா மகனுடைய தகரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். வாசலில் நின்றபடியே, உன்னைக் கேட்டிருக்க வேண்டும், தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். நீ மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. உள்ளே திரும்பி அம்மாவிடம் டீ போடச் சொன்னாய். அக்டோபரில் படகு எப்போது இறங்கும் என்று விசாரித்தாய்.

அக்டோபரில் கம்பெனி ஆளாக இல்லாமல், என் விருந்தாளியாக வந்தாய். பந்தயம் இல்லாத ஒரு ஞாயிறு, சும்மா ஒரு சுற்று. சேற்றுத் திட்டை நெருங்கும்போது நான் கேட்டேன், "ரெடியா?" நீ வானத்தைப் பார்த்தாய். மறுபடி கேட்டேன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கியின் தீயை வேடிக்கை பார்த்தாய். திருப்ப எனக்குக் கை வரவில்லை. கேட்டால் மட்டும் போதாது, பதில் வரும்வரை இருக்க வேண்டும் என்று சுக்கானைப் பிடித்தபடியே இருந்தேன். படகு நேரே போய்ச் சேற்றில் சொருகி நின்றது. அப்போதுதான், "ரெடி அண்ணாச்சி" என்றாய். அடுத்த ஏற்றம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம், நீ சிரித்துக்கொண்டும், நான் உன்னைத் திட்டிக்கொண்டும். அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

உல்லாஸ்நகர் அப்பா இன்னும் இரண்டு வருஷம் காக்க வைத்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தார். பட்டறை உன்னுடையது ஆனது, கோபர்கைரனேயில் வீடு ஆனது. நன்றாகத்தான் இருந்தாய். அதைச் சொல்லி என் கணக்கை நேர் செய்துகொள்ள நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு வருஷம் உன்னுடையது, அவளுடையது. என்னால் திருப்பித் தர முடியாதது.

என் வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, தெரியுமா? 'ரெடியா மாமா'. மகள் எந்தக் காலேஜில் சேர்வது என்பதிலிருந்து, கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறேனாம். என் மனைவி சலித்துக்கொள்வாள், நீங்களாக ஒன்றை முடிவு பண்ணவே மாட்டீர்களா என்று. அவளுக்கு முழுக் கதையையும் போன மாதம்தான் சொன்னேன்.

போன மாதம் உன் வீட்டில் லிஃப்டுக்குள் உன்னைக் கிடத்திய பெட்டி நுழையவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து படி வழியாகத்தான் இறக்க வேண்டும். வயசானவர், விடுங்கள் என்று எல்லோரும் தடுத்தார்கள். நான் முன்பக்க மூலையைப் பிடித்துக்கொண்டேன். நோய் உன்னை உருக்கியிருந்தது. வாசலை அடைத்து நின்ற ஆள், என் தோளுக்கே பாரமாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதல் திருப்பத்தில் பெட்டியைச் சாய்க்காமல் திருப்ப வேண்டும். என்னையறியாமல் நின்றுவிட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், "ரெடியா?"

பின்னால் வந்தவர்கள் ஏன் நின்றுவிட்டேன் என்று முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. பதில் வராது என்று தெரிந்தும் நின்றேன்.

எனக்கு நேர் பின்னாலிருந்து உன் மகன், "ரெடி பெரியப்பா" என்றான்.

அவனுக்கு ஒன்றும் தெரியாது. படியில் இறங்கத்தான் சொன்னான். ஆனால் குரல் உன்னுடையது. அதைக் கேட்ட பிறகுதான் திருப்பினேன்.